500 சிறந்த ஆல்பங்கள்: எந்த ஆண்டுப் பட்டியலை எடுப்பது?

அக்கா மகன் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறான், இரண்டாம் ஆண்டு. போன மாதம் போனில் பேசும்போது, "மாமா, ரோலிங் ஸ்டோன் போட்ட 500 சிறந்த ஆல்பம் லிஸ்ட்டை வச்சு ப்ராஜெக்ட் பண்ணப் போறேன், அப்படியே எல்லாத்தையும் கேட்டுடவும் போறேன், எந்த வருஷத்து லிஸ்ட்டை எடுக்கட்டும்?" என்றான். 2020-ஐ எடுத்துக்கோடா என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் உறுத்தியது, அவன் கேட்டது இரண்டு கேள்வி, நான் சொன்னது ஒரே பதில். உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுப்பது வேறு, ரசனை எப்படி மாறியது என்று ஆராய ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுப்பது வேறு. அன்று இரவே எக்செலைத் திறந்து ஒவ்வொரு பட்டியலின் முதல் பத்து இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்து வந்ததுதான் இது. அவனுக்காக எழுத ஆரம்பித்தேன், இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே போடுகிறேன்.

கையில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்க இசைப் பத்திரிகையான ரோலிங் ஸ்டோனின் 500 என்றால் 2003, 2012, 2020, 2023 என்று நான்கு பதிப்புகள். பிரிட்டனின் என்எம்இ பத்திரிகை 2013-ல் தன் 500-ஐ வெளியிட்டது. ஆப்பிள் மியூசிக் 2024 மே மாதம் 100 ஆல்பங்களோடு வந்தது. ஹென்ரிக் ஃப்ரான்சன் என்ற ஸ்வீடன் நாட்டுப் புள்ளியியலாளர், பல நாட்டு விமர்சகர்கள் போட்ட பட்டியல்களைக் கூட்டிச் சேர்த்து அக்லெய்ம்டு மியூசிக் என்ற பெயரில் ஒன்றாக்கி வைத்திருக்கிறார். இது போக, யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடும் திறந்த வாக்கெடுப்புகள் அவ்வப்போது நடக்கும்.

2003 பட்டியலில் ஓட்டுப் போட்டவர்கள் 273 பேர். இசைக்கலைஞர்கள், விமர்சகர்கள், இசைத்தொழிலில் இருப்பவர்கள். ஒவ்வொருவரும் தன் 50 ஆல்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், இடத்துக்கு ஏற்ப புள்ளி, எல்லாம் கூட்டி மொத்த வரிசை. அதன் முதல் பத்து இப்படி வந்தது: பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' (1967), பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966), பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966), பாப் டிலனின் 'ஹைவே 61 ரீவிசிட்டட்' (1965), மறுபடி பீட்டில்ஸ், 'ரப்பர் சோல்' (1965), மார்வின் கே-யின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971), ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' (1972), த கிளாஷின் 'லண்டன் காலிங்' (1979), டிலனின் 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' (1966), கடைசியாக மறுபடியும் பீட்டில்ஸ், வெள்ளை ஆல்பம் என்று எல்லோரும் சொல்லும் 1968-ம் வருடத்து ஆல்பம். பத்தில் ஏழு 1965-க்கும் 1968-க்கும் நடுவில் வந்தவை. நாலே வருடம். பத்தில் நான்கு ஒரே குழுவினுடையது. கறுப்பினக் கலைஞர் ஒரே ஒருவர்தான், பெண் ஒருவர்கூட இல்லை, ஹிப்-ஹாப் இல்லை, ஹிப்-ஹாப்பில் மிக உயர்ந்த இடம் பிடித்தது பப்ளிக் எனிமி, அதுவே 48-ம் இடம்தான்.

2020 செப்டம்பரில் வந்ததற்கு முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் புதிதாக ஓட்டு வாங்கினார்கள். பியான்சே, டெய்லர் ஸ்விஃப்ட், பில்லி ஐலிஷ் மாதிரி ஆட்கள் அதில் உண்டு. அதன் பத்து: 'வாட்ஸ் கோயிங் ஆன்', 'பெட் சவுண்ட்ஸ்', ஜோனி மிட்செலின் 'ப்ளூ' (1971), ஸ்டீவி வொண்டரின் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்' (1976), பீட்டில்ஸின் 'அபே ரோட்' (1969), நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' (1991), ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' (1977), பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெய்ன்' (1984), டிலனின் 'ப்ளட் ஆன் த ட்ராக்ஸ்' (1975), 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' (1998). இரண்டு பத்துகளுக்கும் பொதுவானவை வெறும் இரண்டு. லாரின் ஹில் 312-லிருந்து 10-க்கு வந்திருக்கிறார். 'பர்ப்பிள் ரெய்ன்' 72-லிருந்து 8-க்கு, ஸ்டீவி வொண்டர் 56-லிருந்து 4-க்கு, 'ப்ளூ' 30-லிருந்து 3-க்கு. மறுபக்கம் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' 24-க்கு இறங்கிவிட்டது, 'ரப்பர் சோல்' 35-க்கு, 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' 38-க்கு.

இதைப் பார்த்ததும் பலரும் எழுதுவது, காலம் மாறிவிட்டது, பட்டியல் இளமையாகிவிட்டது என்று. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. பத்து ஆல்பங்களையும் வெளியான ஆண்டுப்படி அடுக்கி நடுவில் எந்த ஆண்டு விழுகிறது என்று பாருங்கள், அதாவது இடைநிலை அளவு. 2003 பட்டியலில் அது 1966-க்கும் 1967-க்கும் நடுவில் விழுகிறது. ஓட்டுப் போட்ட நாளிலிருந்து எண்ணினால் சுமார் 36 வருடம் பழையது. 2020 பட்டியலில் நடு ஆண்டு 1975-க்கும் 1976-க்கும் நடுவில். அப்போதிலிருந்து எண்ணினால் சுமார் 44 வருடம். பதினேழு வருடம் ஓடியிருக்கிறது, நடு ஆண்டு ஒன்பது வருடம்தான் நகர்ந்திருக்கிறது. அதாவது 2020-ன் முதல் பத்து, தன் காலத்தோடு ஒப்பிட்டால், 2003-ன் முதல் பத்தைவிட வயதானது. இன்னொன்றும் பார்த்தேன். 2003-ல் முதல் பத்துக்குள் இருந்த மிகப் புதிய ஆல்பம் 1979, அப்போது அதற்கு 24 வயது. 2020-ல் மிகப் புதியது 1998, அதற்கு 22 வயது. கிட்டத்தட்ட அதே இடைவெளி. பத்து ஆல்பங்களை வைத்துக்கொண்டு விதி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ரோலிங் ஸ்டோன் கேட்கும் ஆட்கள் ஒரு ஆல்பத்தை உச்சியில் வைக்க இருபது இருபத்தைந்து வருடம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று படுகிறது, யார் ஓட்டுப் போட்டாலும்.

மாறியது வேறு. எந்த நாலு வருடத்துக்குள் எல்லாம் அடங்கிக் கிடந்ததோ அந்தக் குவியல் உடைந்திருக்கிறது. 2020-ல் முதல் பத்து 1966-லிருந்து 1998 வரை பரவியிருக்கிறது. கறுப்பினக் கலைஞர்கள் ஒருவரிலிருந்து நால்வர் ஆகியிருக்கிறார்கள். ராக்கை நடுவில் வைத்து மற்றதையெல்லாம் ஓரத்தில் வைக்கும் பழக்கம் தளர்ந்திருக்கிறது. இளமையானது என்று எழுதுவதைவிட விரிந்தது என்று எழுதினால் அது தரவோடு ஒத்துப்போகும்.

'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடம் வந்ததைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். இனவெறிக்கு எதிரான போராட்டங்கள் நடந்த 2020-ம் வருடத்து அமெரிக்கச் சூழலை வைத்து அதை விளக்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த ஆல்பம் 2003-லேயே ஆறாம் இடத்தில் இருந்தது. அதற்கு மேலே இருந்த ஐந்தில் நான்கு 2020-ல் பத்துக்கு வெளியே போய்விட்டன, 'பெட் சவுண்ட்ஸ்' மட்டும் இரண்டிலேயே நின்றது. ஆக மார்வின் கே தாண்ட வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆல்பத்தைத்தான். இன்னும் பின்னால் போனால், என்எம்இ 1985-லேயே இதே ஆல்பத்தை எல்லாக் காலத்துக்கும் முதலிடம் என்று போட்டிருக்கிறது, ரோலிங் ஸ்டோனுக்கு 35 வருடம் முன்னால்! என்எம்இயின் முதலிடங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 1974-ல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்', 1985-ல் 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1993-ல் 'பெட் சவுண்ட்ஸ்', 2003-ல் ஸ்டோன் ரோஸஸ் குழுவின் முதல் ஆல்பம், 2013-ல் த ஸ்மித்ஸின் 'த குவீன் இஸ் டெட்'. ஒரே பத்திரிகை, நாற்பது வருடத்துக்குள் ஐந்து வெவ்வேறு முதலிடம். ஆல்பங்கள் மாறவில்லை, பாட்டு அப்படியேதான் இருக்கிறது, கேட்டு ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள். ஒற்றை முதலிடத்தை வைத்துப் போக்கு என்று எதையும் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்போது 2012. ப்ராஜெக்ட் செய்பவர்கள் பெரும்பாலும் விழும் குழி இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். 2003, 2012, 2020 என்று மூன்று புள்ளி கிடைத்ததும் கோடு இழுக்க ஆசை வரும். இழுத்தால் ஒன்பது வருடம் ஒன்றுமே நடக்கவில்லை, அடுத்த எட்டு வருடத்தில் எல்லாம் தலைகீழானது என்று கோடு சொல்லும். பொய். 2012 புதிய வாக்கெடுப்பே இல்லை. 2003-ல் வாங்கிய ஓட்டோடு, 2000-களின் ஆல்பங்களுக்காகப் பின்னால் நடத்திய ஒரு கணக்கெடுப்பைச் சேர்த்துச் செருகியதுதான். பட்டியலிலேயே தடயம் இருக்கிறது: முதல் பத்து அப்படியே இருக்கிறது, 'ரூமர்ஸ்' 25-லிருந்து 26, ஸ்டீவி வொண்டர் 56-லிருந்து 57, 'பர்ப்பிள் ரெய்ன்' 72-லிருந்து 76, லாரின் ஹில் 312-லிருந்து 314. யாருக்கும் அவர்கள் மேல் மதிப்புக் குறையவில்லை, நடுவே சில புது ஆல்பங்கள் நுழைந்ததில் வரிசையே கீழே தள்ளப்பட்டது, பஸ் வரிசையில் முன்னால் நாலு பேர் நுழைந்தால் நாம் பின்னால் போவோமே, அப்படி. 2023 டிசம்பரில் வந்ததும் இந்த வகைதான், 2020-ஐ வைத்துக்கொண்டு பியான்சேயின் 'ரெனைசான்ஸ்' போன்ற புதியவற்றைச் சேர்த்தது. ஆகவே போக்கை ஆராய வேண்டுமானால் 2012-ஐயும் 2023-ஐயும் தனிப் புள்ளியாக எண்ணவே கூடாது. உண்மையான புள்ளி இரண்டுதான், 2003, 2020. இரண்டு புள்ளியில் போக்கு என்று சொல்லலாமா என்று கேட்டால், வித்தியாசம் என்று சொல்லலாம், அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

அடுத்த குழி ஆண்டு என்ற பத்தி. எக்செலில் வெளியான ஆண்டு என்று ஒரு பத்தி போட்டு, பத்தாண்டு வாரியாக எண்ணிப் படம் வரைவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. சக் பெர்ரியின் 'த கிரேட் ட்வென்டி எய்ட்' 2003-ல் 21-ம் இடம். பாடல்கள் பெரும்பாலும் 1950-கள், தொகுப்பு வெளிவந்தது 1982. எந்தப் பத்தாண்டில் வைப்பீர்கள்? ராபர்ட் ஜான்சன் பாடிப் பதிவு செய்தது 1936, 1937-ல், 'கிங் ஆஃப் த டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்' வந்தது 1961-ல், அதற்குள் அவர் இறந்தே இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மடி வாட்டர்ஸின் 'ஆந்தாலஜி' 2001-ல் வந்த தொகுப்பு, அதை யோசிக்காமல் எண்ணினால் சிகாகோ ப்ளூஸின் தந்தை இந்த நூற்றாண்டுக் கலைஞராகிவிடுவார். 'லண்டன் காலிங்' பிரிட்டனில் 1979 டிசம்பர், அமெரிக்காவில் 1980 ஜனவரி, இதே ரோலிங் ஸ்டோன் ஒரு காலத்தில் அதை 80-களின் சிறந்த ஆல்பம் என்று அறிவித்தது. எனவே ஒரு பத்தி போதாது, பதிவான ஆண்டு ஒன்று, வெளியான ஆண்டு ஒன்று என்று இரண்டு போட வேண்டும், தொகுப்பா இல்லையா என்று மூன்றாவது ஒன்றும்.

அந்த மூன்றாவது பத்தியைப் போட்டதும்தான் எனக்கு இந்தப் பட்டியல்களில் ஆகப் பெரிய நகர்வு கண்ணில் பட்டது, லாரின் ஹில் ஏறியதைவிடப் பெரியது, யாரும் அதிகம் பேசாதது. எல்விஸின் சன் ஸ்டூடியோ பதிவுகள் 2003-ல் 11, 2020-ல் 78. சக் பெர்ரி 21-லிருந்து 51. ராபர்ட் ஜான்சன் 27-லிருந்து 374. மடி வாட்டர்ஸ் 38-லிருந்து 483. ராக் இசைக்கு அடித்தளம் போட்டவர்கள் மொத்தமாகச் சரிந்திருக்கிறார்கள். எல்லாமே தொகுப்புகள் என்பதைக் கவனியுங்கள். இவர்கள் காலத்தில் இசை விற்றது ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்ன இசைத்தட்டில். பல பாட்டுகள் அடங்கும் நீளத்தட்டு (எல்.பி.) 1948-லேயே வந்துவிட்டாலும், ராக் உலகில் முழு ஆல்பத்தையும் ஒரே படைப்பாக யோசிப்பது 1960-களின் நடுவில்தான் பரவலானது, 2003-ன் முதல் பத்து ஏன் 1965-லிருந்து 1968-க்குள் குவிந்தது என்பதற்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது. 2003-ல் ஓட்டுப் போட்டவர்கள், நம் இசை இங்கிருந்து வந்தது என்ற நன்றியோடு அந்தத் தொகுப்புகளுக்கு இடம் ஒதுக்கினார்கள் என்று நினைக்கிறேன். 2020-ன் ஆட்கள் ஆல்பம் என்றால் ஆல்பமாக இருக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறார்கள், அல்லது ப்ளூஸ் அவர்கள் காதிலிருந்து தூரமாகிவிட்டது. எது என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு வருத்தம்தான். ராபர்ட் ஜான்சனை 374-ல் பார்ப்பது, வேரை வீட்டுக்குப் பின்புறம் தள்ளி வைத்த மாதிரி இருக்கிறது. கேட்பதற்காகப் பட்டியல் எடுப்பவர்களுக்கு 2003 இன்னும் தேவைப்படுவது இதனால்தான்.

இன்னொன்று, பட்டியலின் அடிப்பகுதியை நம்பிக் கதை கட்டக் கூடாது. மேலே புள்ளி வித்தியாசம் பெரிதாக இருக்கும், கீழே போகப் போக நெருங்கிவிடும், நாலைந்து ஓட்டு மாறினால் ஐம்பது இடம் போய்விடும். அவுட்காஸ்டின் 'அக்வெமினை' 2012-ல் 500, அதாவது வாசற்படி. 2020-ல் 49. ஆர்கேட் ஃபயரின் 'ஃப்யூனரல்' 2012-ல் 151, 2020-ல் அந்த 500-ம் இடத்தில் அது. முதலாவதை ஹிப்-ஹாப் முழுவதற்கும் கிடைத்த மதிப்போடு சேர்த்துப் படிக்கலாம், ஏனென்றால் பப்ளிக் எனிமி 48-லிருந்து 15-க்கு, கென்ட்ரிக் லமாரின் 2015-ம் வருட ஆல்பம் நேராக 19-க்கு என்று பக்கத்தில் துணை நிற்கும் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் 410-லிருந்து 460-க்குப் போன ஒரு ஆல்பத்தை வைத்து ஒரு பத்தி எழுதுவது வீண். நம்மவர் ஒருவரும் இந்தப் பகுதியில் இருக்கிறார், ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள் எம்.ஐ.ஏ. 2012-ல் அம்மா பெயர் வைத்த 'கலா' 393-ம் இடம், 2020-ல் அப்பாவின் இயக்கப் பெயர் வைத்த 'அருளர்' 421-ம் இடம். எந்த ஆல்பம் என்பதில் ஓட்டு மாறியிருக்கிறது, அவருக்கான இடம் ஏறத்தாழ அதேதான்.

ஓட்டு எந்த ஆல்பத்துக்கு என்பது பெரிய இடத்திலும் நடக்கிறது. பீட்டில்ஸைப் பிடிக்கும் ஆள் ஐந்தாறு ஆல்பத்தில் எதை மேலே வைப்பது என்று பிரிந்துவிடுவார். 2003-ல் அவர்கள் ஒன்றுகூடிய இடம் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்', 'அபே ரோட்' 14-ல் இருந்தது. 2020-ல் 'அபே ரோட்' 5, 'ரிவால்வர்' 11, 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' 24. 2024 ஆப்பிள் பட்டியலிலும் மேலே இருப்பது 'அபே ரோட்'தான். என் ஊகம், ஸ்ட்ரீமிங்கில் பீட்டில்ஸ் பாடல்களில் அதிகம் கேட்கப்படுவது அதில் உள்ள ஜார்ஜ் ஹாரிசன் பாடல், புதிய தலைமுறை அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' வெளியான காலத்தில் உண்டாக்கிய அதிர்ச்சியை அன்று இருந்தவர்கள்தான் சுமந்தார்கள், அவர்கள் வாக்குச்சாவடிக்கு வருவது குறையக் குறைய அதுவும் இறங்குகிறது.

சரி, எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. 2020-ல் இந்த நூற்றாண்டு ஆல்பங்கள் 86, முந்தைய இரண்டு பதிப்பிலும் இல்லாத புதியவை 154 என்று பத்திரிகையே சொன்னது. 86 பெரிதாகத் தெரியும். ஆனால் 500-ல் அது ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் அதிகம், இருபது வருட இசைக்கு. 2003 பட்டியலோடு இதை அப்படியே ஒப்பிடவும் முடியாது, அப்போது இந்த நூற்றாண்டு பிறந்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஒப்பிட வேண்டுமானால், பட்டியல் வந்த தேதிக்கு முந்தைய இருபது வருடத்தில் எத்தனை என்று இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க வேண்டும். மருமகனிடம் இதைத்தான் முதல் வேலையாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

மற்ற பட்டியல்களை வேகமாகப் பார்த்துவிடலாம். என்எம்இ 2013 பிரிட்டிஷ் கிட்டார் இசையின் பட்டியல். முதல் பத்தில் ஏழு பிரிட்டிஷ் ஆல்பங்கள், த ஸ்ட்ரோக்ஸின் 2001-ம் வருட ஆல்பம் நாலாம் இடத்தில். ரோலிங் ஸ்டோன் 2020-ன் பத்தோடு ஒன்றுகூடப் பொது இல்லை. பல்ப், ஓயாசிஸ், ஸ்டோன் ரோஸஸ் வரிசை பிடிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு அருமையானது, முதல் முறை வருபவர்களுக்குக் குறுகலானது.

ஆப்பிள் மியூசிக்கின் 2024 பட்டியலை நிறையப் பேர் திட்டினார்கள், எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. லாரின் ஹில் முதலிடம், மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இரண்டு, பிறகு 'அபே ரோட்', 'பர்ப்பிள் ரெய்ன்', ஃபிராங்க் ஓஷனின் 'பிளாண்ட்', ஸ்டீவி வொண்டர், கென்ட்ரிக் லமாரின் 2012 ஆல்பம், ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்', 'நெவர்மைண்ட்', பியான்சேயின் 'லெமனேட்'. பத்தில் ஏழு கறுப்பினக் கலைஞர்கள், மூன்று பெண்கள். முன்பு போட்ட அதே கணக்கை இங்கே போட்டால் நடு ஆண்டு 1991-க்கும் 1998-க்கும் நடுவில் விழுகிறது, சுமார் 30 வருடம் பழையது, மிகப் புதியவைக்கு எட்டு வயதுதான். இதுதான் உண்மையாகவே இளமையான பட்டியல். ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையை வைத்துப் போடவில்லை, தங்கள் இசைக்குழுவும் அழைக்கப்பட்ட கலைஞர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது என்று சொல்கிறார்கள். ஆனால் இசையை விற்கும் கடையே போட்ட பட்டியல் என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது என்பதால் போக்கு ஆராயவும் உதவாது.

அக்லெய்ம்டு மியூசிக்கை அகராதி மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆல்பத்தைப் பற்றி ஒரு பத்திரிகை மட்டும் ஆகா என்கிறதா, பல நாட்டிலும் அப்படியா என்று சரிபார்க்க அதைப்போல வேறில்லை. ஆனால் பழைய பட்டியல்களும் புதியவையும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் மாற்றம் மெதுவாகத்தான் தெரியும்.

திறந்த வாக்கெடுப்பு வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறேன். பிபிசி உலக சேவை 2002-ல் உலகின் தலைசிறந்த பத்துப் பாடல்கள் என்று நடத்தியது பலருக்கு நினைவிருக்கும், இளையராஜாவின் 'ராக்கம்மா கையத் தட்டு' நாலாம் இடம் வந்தது, நமக்கெல்லாம் பெருமை, எனக்கும்தான். முதலிடம் ஐரிஷ் தேசபக்திப் பாடல் ஒன்று, இரண்டு 'வந்தே மாதரம்', மூன்று பாகிஸ்தானின் தேசபக்திப் பாப் பாடல் ஒன்று. எந்த ஊர்க்காரர்கள் எத்தனை ஆர்வமாக ஓட்டுப் போட்டார்கள் என்பதை இது அழகாகக் காட்டுகிறது. இசை ரசனை இருபது வருடத்தில் எப்படி நகர்ந்தது என்ற கேள்விக்கு இதில் பதில் கிடைக்காது.

இதையெல்லாம் வைத்து மருமகனிடம் திரும்பச் சொன்னது இதுதான். ப்ராஜெக்ட்டுக்கு ரோலிங் ஸ்டோன் 2003, 2020 இரண்டு மட்டும், 2012-ஐ விட்டுவிடு. இரண்டையும் சேர்த்து ஒரே அட்டவணையாக்கு, ஒன்றில் இருந்து இன்னொன்றில் காணாமல் போனவற்றை 501 என்று போடாதே, பட்டியலில் இல்லை என்று தனியாகக் குறி, ஏனென்றால் அது 501-ஆ 900-ஆ என்று நமக்குத் தெரியாது. இடத்தை அப்படியே கழித்துப் பார்க்காதே, 10-லிருந்து 1-க்கு வருவதும் 410-லிருந்து 401-க்கு வருவதும் கழித்தால் ஒன்பதுதான், ஒன்றா அது? முதல் 10, 50, 100, 250, 500 என்று கட்டம் போட்டு எது எந்தக் கட்டத்திலிருந்து எங்கே தாவியது என்று பார்.

கேட்பதற்கு? ஒரு ஆல்பம் சராசரியாக முக்கால் மணி நேரம் என்றால் 500-க்கு 375 மணி நேரம், தினம் ஒன்று என்றாலும் ஒன்றேகால் வருடம் தாண்டும். நடுவில் நின்றுபோகவே வாய்ப்பு அதிகம். அதனால் 1-லிருந்து 500 வரை வரிசையாக ஓட்ட வேண்டாம். இசைக்கே புதியவர், காது பழக வேண்டும் என்றால் ஆப்பிளின் 100-ஐ எடுங்கள், 75 மணி நேரத்தில் முடியும், காதுக்குப் பழகிய ஒலிகளிலிருந்து பின்னோக்கிப் போகலாம். ஏற்கெனவே கொஞ்சம் கேட்டவர் என்றால் 2020-ன் முதல் நூறு, அதோடு 2003-ன் முதல் ஐம்பதில் இருந்து 2020-ல் நூறுக்கு வெளியே போனவை. இந்த இரண்டாவது கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும் அங்கேதான் இருக்கிறார்கள், பட்டியலின் மற்ற பாதி எங்கிருந்து வந்தது என்று அவர்களைக் கேட்டால்தான் புரியும்.

அவன் இரண்டாவது வழியை எடுத்திருக்கிறான். முதல் நாள் 'வாட்ஸ் கோயிங் ஆன்', மறுநாள் 'ப்ளூ', இரண்டுமே ஏறக்குறைய 35 நிமிடம்தான், கல்லூரி பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். மூன்றாம் நாள் ராபர்ட் ஜான்சன், பஸ்ஸில் வேண்டாம், ராத்திரி வீட்டில் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு ஹெட்போனில் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.